ஆளில்லாத கட்டில்களின் சலோமி அக்கா

சலோமி அக்கா இறந்த மறுநாள் காலை, நான் வேலை பார்த்த மலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு இளம் நர்ஸ் போன் செய்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அஞ்சலி பேனர் வைக்கப் போகிறார்களாம். போட்டோ கிடைத்துவிட்டது, பெயரும் போட்டாயிற்று. பெயருக்குக் கீழே என்ன பதவி போடுவது என்றுதான் தெரியவில்லை.

"அவங்க இங்க இன்னா வேலை பார்த்தாங்க சிஸ்டர்? ஆபீஸ்ல கேட்டா ஸ்டாஃபே இல்லன்றாங்க. ஆனா எல்லாரும் அழுவுறாங்க."

"வேலையில எல்லாம் இல்லம்மா. நோயாளிங்க கூட இருந்தாங்க."

"அப்போ 'சபை ஊழியர்'னு போட்டுடவா?"

போட்டுக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் அவசரம் அவளுக்கு. ஆனால் அன்று முழுக்க எனக்குச் சமையலில் மனம் போகவில்லை. சபை ஊழியர் என்பது தவறில்லை. சனிக்கிழமை தோறும் சர்ச் தரையைப் பெருக்கித் துடைத்தது அக்காதான். ஞாயிற்றுக்கிழமை பாட்டை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அதற்கு அப்பால் அவர் செய்ததை ஒரு பேனரில் அடக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்ல. போளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் கிருத்திகைக்கு விரதம் இருப்போம். நர்சிங் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டில் விரித்தேன், ஊசிகளைக் கொதிக்க வைத்தேன், பாத்ரூமில் போய் அழுதேன், பாஸானேன். முதலில் கிடைத்த வேலை ஜவ்வாது மலை மேலே ஒரு சின்னச் சபை நடத்திய ஆஸ்பத்திரியில். கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கீழே இறங்கிவிடலாம் என்று நினைத்து ஏறினேன். ஓய்வு பெற்றுத்தான் இறங்கினேன்.

ஆஸ்பத்திரியும் சர்ச்சும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. நடுவில் ஒரு மதில் மட்டும். இந்தப் பக்கம் வார்டு, அந்தப் பக்கம் சர்ச். டாக்டர் ஒருவர்தான். அவர் பாதி நேரம் மற்ற ஊர்களுக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருப்பார். வார்டை நடத்தியது சாரா மேட்ரன்.

மேட்ரன் நாகர்கோவில் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. அவர் யாரையும் வார்டில் திட்டி நான் பார்த்ததில்லை. தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்பார். அவ்வளவுதான். நோயாளியின் கால் போர்வைக்கு வெளியே தெரிந்தால் அந்தக் காலருகில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஓடிப்போய்ப் போர்வையை இழுத்துவிட்டால், தலையை லேசாக அசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அவர் நிற்க ஆரம்பித்தாலே நாங்கள் தப்பைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

ஒரு நோயாளியைச் சேர்க்கும்போது மேட்ரன் கேட்கும் முதல் கேள்வி, "கூட ஆளு யாரு?" என்பதுதான். மலையில் அந்தக் கேள்விக்குப் பல பேரிடம் பதில் இருக்காது. கணவன் கேரளாவுக்கோ குடகு எஸ்டேட்டுக்கோ வேலைக்குப் போயிருப்பான். பெரியவர்கள் கொல்லை வெள்ளாமையை விட்டு வரமாட்டார்கள். பஸ் எப்போதாவதுதான் வரும். வார்டு முழுக்க ஒரு நர்ஸ். குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தால் சொல்ல, எழுந்து உட்காரப் பிடித்துக்கொள்ள, ஒரு வாய் கஞ்சி ஊட்ட, கூட ஒருவர் இல்லாவிட்டால் வைத்தியம் பாதிதான்.

சலோமி அக்கா ஆஸ்பத்திரிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு மாடு, கொஞ்சம் சாமைக் கொல்லை, தச்சு வேலை பார்க்கும் கணவர், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். ஒரு நாள் காலை, கடைசிக் கட்டிலில் ஒரு கிழவர் தண்ணீர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். நான் வேறொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பால் கேனைத் தரையில் வைத்துவிட்டு அக்கா உள்ளே வந்தார். கிழவரைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார், வாயைத் துடைத்தார், அவர் ஊர்க் கதையையெல்லாம் கேட்டார். திரும்பிப் பார்த்தால் மேட்ரன் நிற்கிறார்.

"கை களுவினியா?"

"இல்லிங்கம்மா."

"வா, காட்டித் தாறேன்."

மேட்ரன் அவரைக் குழாயடிக்கு அழைத்துப்போய் விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு என்று சோப்புப் போட்டுக் கழுவக் காட்டினார். அக்காவின் நியமனம் அதுதான். மறுநாளிலிருந்து பால் ஊற்றிவிட்டு, ஆளில்லாத கட்டில் எது என்று பார்த்து அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"வூட்ல சும்மா உக்காந்துனு இன்னா பண்ணப் போறேன் சிஸ்டரம்மா?" என்றார். வீட்டில் அவர் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அக்காவிடம் ஒரே ஒரு தொந்தரவு அவர் குரல். மெதுவாகப் பேசினால் மருந்து அறைக்குக் கேட்கும். சாதாரணமாகப் பேசினால் பஸ் நிற்கும் இடத்துக்குக் கேட்கும். சர்ச்சில் மைக் இருந்தாலும் அவருக்குத் தேவைப்படாது. ஊசி போடும்போது குழந்தைகள் அழுவதை விட, "அழுவாத கண்ணு" என்று அக்கா சமாதானம் செய்வது அதிகச் சத்தமாக இருக்கும். நோயாளிகள் சிரிப்பார்கள். டாக்டர்கூடச் சிரிப்பார்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் அவர் காளியப்பனைப் பார்த்துக்கொண்டார்.

காளியப்பனுக்கு மலையில் உள்ளே தள்ளி ஒரு ஊர். இளைஞன். சாமை அறுத்துக் களத்துக்குச் சுமக்கும்போது காலில் முள் குத்தியிருக்கிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துவிட்டான். அடுத்த வாரத்தில் வாயைத் திறக்க முடியவில்லை, களியை விழுங்க முடியவில்லை. பிறகு கழுத்து விறைத்தது. தோளில் தூக்கி, பிறகு ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வாசலில் அவனை இறக்கிக் கிடத்திவிட்டு ஜீப் கதவை யாரோ அறைந்து சாத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு வில்லாக வளைந்தது. குதிகாலும் பின்தலையும் மட்டும் தரையைத் தொட, முதுகு மேலே எழும்பி நின்றது. முகம் சிரிப்பதுபோல் இழுத்துக்கொண்டது. உதடு நீலமானது. டாக்டர் ஒரு வார்த்தைதான் சொன்னார், "டெட்டனஸ்."

ரண ஜன்னி என்று ஊரில் சொல்வார்கள். அதில் கொடுமை, நோயாளிக்கு நினைவு தப்பாது. எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், திடீரென்று ஒரு கை பட்டால் போதும், உடம்பு முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கும்போது மூச்சு நின்றுவிட்டால் முடிந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் குலுங்கும் குலுங்கலில் அடிவாரத்து ஆலங்காயம்கூடப் போய்ச் சேர மாட்டான் என்று டாக்டர் சொன்னார். மருந்துக்கு ஆளைக் கீழே அனுப்பினார். காயத்தைத் திறந்து கழுவினோம்.

மேட்ரன் வராந்தாக் கோடியில் இருந்த அறையைத் தயார் செய்தார். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. கதவுக் கீல்களுக்கு எண்ணெய். ஸ்டூல் கால்களுக்குப் பழைய துணி சுற்றிக் கட்டினார். ஊசித் தட்டில் இரும்பு இரும்பில் படாமல் பஞ்சு விரித்தார். காளியப்பன் காதில் பஞ்சு வைத்தார். செருப்பு வாசலிலேயே. ஊசி, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணி, சளி உறிஞ்சுவது, வாய் துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, தூக்க மருந்து வேலை செய்யும்போது ஒரே தடவையில் முடித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மற்ற நேரம் தொடக்கூடாது. ஆனால் யாராவது ஒருவர் கண்ணை எடுக்காமல் அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் கத்திக் கூப்பிடவும் முடியாது. அதனால் மேட்ரன் அந்த அறையிலிருந்து என் மேஜை வரைக்கும் ஒரு நூல் கட்டி, முனையில் வெள்ளைத் துணி தொங்கவிட்டார். துணி ஆடினால் நான் ஓடவேண்டும்.

"கூட ஆளு யாரு?" என்று கேட்டார்.

காளியப்பனின் மனைவி வாசலில் நின்றிருந்தாள். பச்சையம்மாள். கையில் பிறந்து சில நாளேயான பெண் குழந்தை. அது அழுதுகொண்டிருந்தது. அவளை அந்த அறைப் பக்கமே விட முடியாது.

சலோமி அக்கா கைகழுவிக்கொண்டு வந்து நின்றார். அந்தக் குரலோடு இந்த அறைக்கா என்று நினைத்தேன். மேட்ரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் கையில் கிடந்த கண்ணாடி வளையல்களுக்கு எதிரே நின்றுகொண்டு அவற்றையே பார்த்தார். அக்கா ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

அவர் வெறும் கையோடு தெருவில் போனதைப் பார்த்து, சபையின் வயதான அம்மா ஒருவர் வழிமறித்தார். "புருசன் உசுரோட இருக்கறப்போ இன்னாடி இது கோலம்?"

"அவருக்கு இன்னா, நல்லாத்தான் கீறாரு. கொட்டாயில சாணி வாரினு கீறாரு, போய்ப் பாருங்க," என்றார் அக்கா. அதையும் அவர் முணுமுணுப்பாகச் சொன்னார் என்பதுதான் தெருவில் பேச்சாகிவிட்டது. அந்த நாட்களில் அவர் வீட்டில்கூடச் சத்தமாகப் பேசவில்லை. பேசிப் பழகிவிட்டால் அறைக்குள் மறந்து வாய் வந்துவிடும் என்று பயம்.

பச்சையம்மாளையும் குழந்தையையும் தன் வீட்டுக்கே கூட்டிப்போய் வைத்துக்கொண்டார். கணவரும் மகளும் மாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். பகலெல்லாம் அக்கா அந்த இருட்டறையில், துணி சுற்றிய ஸ்டூலில், நூலை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரவில் நாங்கள் மாற்றிக்கொள்வோம். துணி ஆடும், நான் ஓடுவேன். அவன் நீலமாகிக் கிடப்பான். ஊசி போட்டு, சளியை உறிஞ்சி, மூச்சு திரும்பி வரும்வரை அக்கா சுவரோரம் நகர்ந்து நிற்பார். ஒருமுறை கூட அவர் வாயிலிருந்து "ஐயோ" வரவில்லை.

ஒரு நாள் குழாயடியில் அவர் என்னிடம் சொன்னார். "அந்தப் பொண்ணு தனியா உக்காந்து அழுவுது சிஸ்டரம்மா. கேட்டேன். பொண்ணு பொறந்துச்சேன்னு கோவத்துல வாயத் தொறக்காம, சாப்பிடாம கீறாருன்னு நெனச்சுதாம். அதான் ரெண்டு நாளா இதுவும் அவங்கூடப் பேசலியாம். இப்போ அவன் போய்ட்டான்னா அதுதானே அதுக்கு நெஞ்சுல நிக்கும்?"

இதை நான் மேட்ரனிடம் சொன்னேன். "மருந்து போட்டு அடங்கின பொறவு, காதுப்பக்கம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லலாம். மூச்சு சத்தத்துக்கு மேல போகக்கூடாது," என்றார்.

அன்று ஊசி போட்டு நான் நிமிர்ந்த பிறகு அக்கா குனிந்து காதுப் பஞ்சை லேசாகத் தளர்த்தினார். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. "பாப்பா பால் நல்லா குடிக்குது. உன்ன மாதிரி மூக்கு." அவன் முகத்தில் எதுவும் அசைய முடியாது. கண்ணோரத்திலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கிக் காதுப் பஞ்சை நனைத்தது. நான் பஞ்சை மாற்றினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு செய்தி. பாப்பா கண் திறந்து விளக்கைப் பார்த்தது. பாப்பா தும்மியது. பச்சையம்மா இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

அப்போதுதான் கிறிஸ்துமஸ் வந்தது.

மலையில் அந்தச் சபைக்கு வருடத்தில் பெரிய நாள் அதுதான். கூரையில் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். மணி அடிப்பார்கள், டிரம் அடிப்பார்கள், வெடி வெடிப்பார்கள். காளியப்பன் அறை ஜன்னலுக்கும் சர்ச் சுவருக்கும் நடுவில் அந்த மதில் மட்டும்தான். மேட்ரனும் அந்தச் சபைதான். அவர் போய்க் கேட்கத் தயாராகத்தான் இருந்தார். அக்கா, "நான் கேக்கறேம்மா. அங்க சத்தம் போடுறதே நாந்தானே," என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்பு நேரத்தில் அக்கா எழுந்து நின்றாராம். மேட்ரன் பிறகு எனக்குச் சொன்னது இது. இந்த வருடம் மணி வேண்டாம், மைக் வேண்டாம், டிரம் வேண்டாம், வெடி வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சபை மூப்பர் தேவராஜ் ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்தான் ஊர் ஊராக அலைந்து அந்த ஒலிபெருக்கியை வாங்கி வந்தவர்.

"வருசத்துக்கு ஒரு நாளும்மா. அந்த ஆளு நம்ம சபையும் இல்ல. ஒருத்தருக்காக மொத்த சபையும் வாய மூடினு உக்காரணுமா?"

"அவரு நம்ம சபை இல்லதாங்க," என்றிருக்கிறார் அக்கா. "சத்தம் நம்ம சபையோடது."

பின்வரிசையில் ஒரு இளைஞன், பாட்டே இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ் என்று கேட்டிருக்கிறான். "பாடலாம். நான் எடுத்துக் குடுக்கறேன். பக்கத்துல கொழந்த தூங்குறப்போ பாடுவோமில்ல, அப்பிடி," என்று சொல்லியிருக்கிறார். சபைப் போதகரான ஐயர் கடைசியில் ஒத்துக்கொண்டார். தேவராஜ் ஐயா எழுந்து போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் நான் டூட்டியில் இருந்தேன். விடியற்காலை அமைதியில் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும் என்று, வழக்கமாக இருட்டோடு நடக்கும் ஆராதனையை விடிந்த பிறகு வைத்திருந்தார்கள். வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஜனங்கள் புதுத்துணியோடு வந்துகொண்டிருந்தார்கள். வாசல் கேட்டில் தேவராஜ் ஐயா நின்றிருந்தார், வெள்ளை வேட்டி, வெறும் கால். உதட்டில் விரலை வைத்து ஒவ்வொருவரையும் நிறுத்தினார். செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றச் சொன்னார். இரண்டு இளைஞர்கள் சட்டைப்பையில் கொண்டுவந்த வெடியை வாங்கித் தன் துண்டில் முடிந்துகொண்டார். கேட் கிறீச்சிடாமல் இருக்க அதை இடுப்பால் முட்டுக்கொடுத்து நின்றார். ஆராதனைக்கு உள்ளேகூட அவர் போகவில்லை.

காளியப்பன் அறையில் மேட்ரன் கட்டிலின் கால்பக்கம் நின்றார். நான் ஊசியோடு தயாராக நின்றேன். பாட்டு தொடங்கியது. அத்தனை பேர் சேர்ந்து அவ்வளவு மெல்லப் பாடி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மதிலைத் தாண்டி வரும்போது வார்த்தை தெரியவில்லை, ராகம் மட்டும் வந்தது. அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது முறுக்கவில்லை. மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேட்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் பார்த்துவிட்டதைப் பார்த்து, என் கையிலிருந்த ஊசிக்கு எதிரே வந்து நின்றார். ஊசியைத் தட்டில் வைத்தேன்.

அவன் பிழைத்தான். உடனே அல்ல. வலிப்புகளுக்கு நடுவில் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஜன்னல் துணியை விரல் விரலாக விலக்கினோம். பொங்கல் சமயத்தில் கஞ்சியை ஸ்பூனில் விழுங்கினான். ஒரு நாள் மேட்ரன் பச்சையம்மாளைக் குழந்தையோடு வரச் சொன்னார். டாக்டரும் வந்து நின்றார். அறைக்குள் நுழைந்ததுமே குழந்தை வீறிட்டு அழுதது. பச்சையம்மாள் பதறி அதன் வாயைப் பொத்தப் போனாள்.

"அழுவட்டும்," என்றான் காளியப்பன். தாடை இன்னும் முழுக்கத் திறக்கவில்லை, பல்லிடுக்கில்தான் பேசினான். "வுடு, அழுவட்டும்."

எல்லோரும் அவன் முதுகைப் பார்த்தோம். அது அசையவில்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பச்சையம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள். சலோமி அக்கா, "அய்ய, அப்பா புள்ள ரெண்டு பேரும் நல்லாத்தானே கீறாங்க, நீ இன்னாத்துக்கு அழுவுற," என்றார். தன் பழைய குரலில். வார்டு முழுக்கக் கேட்டது. கடைசிக் கட்டில் வரைக்கும் சிரித்தார்கள்.

அதன் பிறகும் அக்கா எத்தனையோ கட்டில்களில் உட்கார்ந்தார். மேட்ரன் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார், சில வருடங்களில் காலமானார். அக்காவின் கணவர் இறந்தார். மகள் கல்யாணமாகி வேலூர் போனாள். அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அக்கா போய்ப் பார்த்துவிட்டு மூன்றாம் நாளே மலையேறிவிட்டார். எனக்கும் ஓய்வு வந்தது. போளூரில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகுதான் அக்கா என்னை சிஸ்டரம்மா என்பதை விட்டு விஜயா என்று கூப்பிட ஆரம்பித்தார். "இப்போதான் நீ எனக்கு மேல இல்லியே," என்பார் போனில்.

போன மாதம் அவருக்கு இதயம் பலவீனமாகி அதே வார்டில் சேர்த்தார்கள். பஸ் பிடித்துப் போனேன். வார்டு மாறியிருந்தது. டைல்ஸ், மானிட்டர், கட்டிலுக்குக் கட்டில் கூப்பிடும் பொத்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் வந்திருந்தாள். நான் வந்ததும் குளித்துவிட்டு வருவதாகப் போனாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கை குளிர்ந்திருந்தது. பழைய ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அவருக்குப் பேச மூச்சு போதவில்லை. அந்தக் குரல் போயிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார்.

"பக்கத்துக் கட்டில்ல பாரு," என்றார்.

ஒரு இளம்பெண். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கையில் டிரிப் இறங்கிக்கொண்டிருந்தது.

"காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. ஆரும் வரல. புருசன் குடகுல கீறானாம்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "நீ இங்க இன்னாத்துக்கு உக்காந்துனு கீற?"

"உன்னப் பாக்கத்தான் அக்கா வந்தேன்."

"பாத்துட்ட இல்ல? போ."

எனக்குப் போக மனமில்லை. பஸ்ஸில் வரும்போது அவரிடம் சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். அவர் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் போனேன். பெயரைக் கேட்டேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குக் கை கொடுத்துத் தூக்கிச் சாய்த்து டம்ளரை வாயில் வைத்தேன். இரண்டு மடக்குக் குடித்தாள். பிறகு டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டு முழுக்கக் குடித்தாள். காய்ச்சலில் உதடெல்லாம் வெடித்திருந்தது. எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். போளூர் என்றேன். போளூரில் தன் அத்தை இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை உயர்த்தி ஏதோ காட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தப் பெண்ணின் பாதம் வெளியே தெரிந்தது. போர்வையை இழுத்து மூடினேன். அக்கா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

நான் அவரை எழுப்பவில்லை. கடைசி பஸ் வரும்வரை அந்தப் பெண்ணின் கட்டிலருகிலேயே, அவள் அத்தையைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.